வட்ட வீடுகளும் வசிப்போர் விருப்பமும்

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாப் பிரதேசத்தில், புகழ்பெற்ற பிரம்பானான் ஆலயங்களுக்கு அண்மையில், நியூ நெலெப்பென் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள வீடுகளுக்கு மூலையும் இல்லை, முகடும் இல்லை. கவிழ்த்து வைத்த சிரட்டைகளைப் போன்று 71 குவிமாட வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பள்ளிவாசலும் அதே வடிவில்தான் அமைந்துள்ளது. 2006 மே 27 ஆம் திகதி 5,700 இற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பூமியதிர்ச்சியின்போது பழைய நெலெப்பெனின் நிலம் சரிந்து, குடியிருக்கத் தகுதியற்றதாகிவிட்டது. இடம்பெயர்ந்த அம்மக்களுக்கு அமெரிக்கத் தொண்டு நிறுவனமொன்று 2007 இல் இவ்வீடுகளைக் கட்டிக் கையளித்தது. காற்றூதிய பெரும் பலூனொன்றை அச்சாக வைத்து, அதன்மேல் கம்பி பின்னி, கொங்கிறீட் பூசி, அது இறுகியபின் பலூனை இறக்கி அடுத்த வீட்டுக்குக் கொண்டு செல்வதே இங்கு கையாளப்பட்ட முறை.

வீடற்றோர் தொகை பெருகிவரும் உலகில் இத்தகைய வடிவங்கள்மீது கட்டடக்கலைஞர்களுக்கு ஏன் இத்துணை மோகம் என்பதை விளங்கிக்கொள்வது அவசியமாகும். விடை, பாடசாலைக் கணிதத்திலேயே இருக்கின்றது. 500 சதுர அடி கொண்ட சதுர வீடொன்றுக்குச் சுற்றுச்சுவர் ஏறத்தாழ 89 அடி நீளம் வேண்டும். அதே பரப்பை வட்டமாக அமைத்தால் 79 அடி போதும். சுவர் குறைந்தால் சீமெந்து குறையும். உலகம் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 8 சதவீதம் சீமெந்து உற்பத்தியிலிருந்தே வருகின்றது என்பதை நோக்குமிடத்து, இது அற்பமான சேமிப்பு அன்று. அத்துடன், குவிந்த கூடு தன் பாரத்தை எல்லாத் திசைகளுக்கும் பகிர்ந்தளிப்பதால் காற்றுக்கும் நில அதிர்வுக்கும் எளிதில் அசைந்துகொடுப்பதில்லை.

இக்கணிதத்தை ஒரு கொள்கையாகவே உயர்த்தியவர் அமெரிக்கரான பக்மின்ஸ்டர் புல்லர். நாற்கோணத்தை அழுத்தினால் அது சாயும், முக்கோணம் சாயாது. சிறுசிறு முக்கோணங்களைத் தொழிற்சாலையிற் செய்து, கோளமாகப் பொருத்தும் முறைக்கு அவர் 1954 இல் காப்புரிமை பெற்றார். 1967 இல் மொன்றியல் உலகக் கண்காட்சியில் அவர் எழுப்பிய 76 மீற்றர் விட்டமுடைய கோளம் இன்றும் நிற்கின்றது. அதன் பிளாஸ்ரிக் போர்வை 1976 இல் தீப்பற்றி அழிந்தது, எலும்புக்கூடு தப்பியது.

அதே கண்காட்சிக்காக மோஷே சப்டி என்ற இளம் கட்டடக்கலைஞர், முன்கூட்டியே வார்க்கப்பட்ட 354 கொங்கிறீட் பெட்டிகளை ஒன்றன்மேலொன்றாக விலக்கி அடுக்கி, 'ஹபிடட் 67' என்ற குடியிருப்பை அமைத்தார். கீழ் வீட்டின் கூரை மேல் வீட்டின் தோட்டமாகியது. மலிவான வீடுகளைப் பெருந்தொகையாகச் செய்வதே நோக்கமாயினும், செலவு எதிர்பார்ப்பை மிஞ்சியதால் அத்திட்டம் பல்கிப் பெருகவில்லை. ரோக்கியோவில் 1972 இல் கட்டப்பட்ட நகாகின் கோபுரத்தின் 140 அறைக்கூடுகளும், ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கொருமுறை கழற்றி மாற்றப்படுவதற்கென வடிவமைக்கப்பட்டவை. ஒன்றுகூட அவ்வாறு மாற்றப்படாமலே 2022 இல் அக்கட்டடம் இடிக்கப்பட்டது.

புல்லரின் சீடர்களிடையே லொயிட் கான் என்பவரின் அனுபவம் எம்மை நின்று சிந்திக்க வைக்கின்றது. குவிமாட வீடு கட்டுவதற்கு வழிகாட்டும் இரு நூல்களை 1970, 1971 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டு, இளைஞர் பலரை அவ்வழியில் ஈர்த்தவர் இவர். சில ஆண்டுகளிலேயே தாம் வாழ்ந்த குவிமாடத்தைக் கலைத்துவிட்டு, அந்நூலை மறுபதிப்புச் செய்வதையும் நிறுத்திக்கொண்டார். அவர் எடுத்துக்கூறிய குறைகள் எந்த மேசனுக்கும் விளங்கக்கூடியவை. முக்கோணங்கள் சந்திக்கும் மூட்டு ஒவ்வொன்றும் மழைநீர் கசியும் வாயாகின்றது. நீள்சதுரப் பலகையை முக்கோணமாக வெட்டும்போது எஞ்சும் துண்டுகள் வீணாகின்றன. அலுமாரியைச் சுவரோடு சேர்த்து வைக்க இயலாது; உள்ளே அறை பிரிப்பதோ பெருஞ்சங்கடம். சுற்றாடலைக் காக்கப் புறப்பட்ட வடிவம், ஒட்டுப்பசையையும் பிளாஸ்ரிக்கையும் நம்பியே நிற்க வேண்டியதாயிற்று. தாம் பரப்பியதைத் தாமே பிழையென ஒப்புக்கொள்ளும் நேர்மை எத்துறையிலும் அரிது என்பதால் இவரை நாம் மதிக்கின்றோம்.

அவ்வாறெனில் வட்ட வீடே தவறா? அப்படிக் கூறுவதற்கில்லை. துருக்கியின் ஹரானிலும் சிரியாவின் அலெப்போவை அண்டிய கிராமங்களிலும் தேன்கூடு போன்ற மண் வீடுகள் நெடுங்காலமாக வழக்கிலுள்ளவை. மரம் அரிதான, மழை குறைந்த அந்நிலங்களில் தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை மெதுவாகவே உள்ளே விடுகின்றது. ஈரானியக் கட்டடக்கலைஞர் நாதர் கலிலி (1936-2008) இம்மரபிலிருந்தே பாடம் கற்றார். நீண்ட பைகளில் அவ்விடத்து மண்ணை நிரப்பி, வட்டமாகச் சுற்றி அடுக்கி, அடுக்குகள் வழுக்காதிருக்க இடையே முட்கம்பியை இட்டார். போரில் மண்மூடையும் முட்கம்பியும் எதற்குப் பயன்பட்டன என்பதை அறிந்த எமக்கு இதன் பொருள் தனியே விளங்கும். 1995 இல் ஈரானின் குசெஸ்தான் மாகாணத்தில் ஈராக்கிய அகதிகளுக்கு இம்முறையில் உறைவிடங்கள் அமைக்கப்பட்டன. 2004 இல் ஆகா கான் கட்டடக்கலை விருதும் கிடைத்தது. இங்கு தொழிற்சாலையும் பாரந்தூக்கியும் தேவைப்படவில்லை. குடியிருக்கப் போகின்றவரே கட்டிக்கொள்ளலாம்.

மீண்டும் நெலெப்பெனுக்கு வருவோம். ஜாவாவில் மழை பெருமழை. தாழ்வாரமற்ற குவிமாடத்தில் மழை நேரே சுவரில் விழும். சன்னலுக்கு நிழலும் இல்லை. ஆகவே குடியிருப்பாளர் பலர் வீட்டோடு பத்தி இறக்கிச் சமையலுக்கும் விருந்தினரை அமர்த்துவதற்கும் இடம் தேடிக்கொண்டனர். வளைந்த சுவரில் தகரக் கூரையைப் பொருத்துவது இலேசான வேலையல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை. எனினும் அம்மக்கள் அவ்வூரை வெறுத்து வெளியேறிவிடவில்லை. சிறுவர் தொலைக்காட்சித் தொடரொன்றின் பெயரால் 'டெலிடபீஸ் கிராமம்' என அழைக்கப்படும் அவ்வூரைக் காண உல்லாசப் பயணிகள் வருகின்றனர். அதனால் வருமானமும் உண்டு. காட்சிப்பொருளாகிவிட்ட வீட்டில் வாழ்வது எப்படியிருக்கும் என்பது வேறு விடயம்.

எமது வடக்கு, கிழக்கு மக்களுக்கு இவ்விவாதம் அந்நியமானதன்று. போரினால் வீடிழந்த தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கென 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை அமைக்க 2016 இல் அரசு முனைந்தது. அங்கே வடிவம் புதுமையானதல்ல. ஆனால் தூரத்துத் தொழிற்சாலையிற் செய்த கூறுகளைக் கொண்டுவந்து பொருத்தும் எண்ணம் ஒன்றே. ஒரு வீட்டுக்கு 20 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட செலவு, வெப்பம், உள்ளூர்த் தொழிலாளருக்கு வேலையின்மை, பின்னர் விரிவாக்குவதிலுள்ள இடர்ப்பாடு எனப் பொறியியலாளரும் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஈற்றில் அத்திட்டம் அவ்வடிவில் நிறைவேறவில்லை. அதற்கு முன்னர் இந்திய உதவித் திட்டத்தின்கீழ் பெரும்பாலான குடும்பங்கள் ஐந்தரை இலட்சம் ரூபாவைப் படிப்படியாகப் பெற்று, தாமே மேசனைப் பிடித்து வீடு கட்டின. பணம் போதாமற் கடன்பட்டோரும் உளர். பூச்சு வேலை முடியாத சுவர்களும் உண்டு. ஆயினும் சமையலறை எங்கே அமைய வேண்டும், மகளுக்கு ஓர் அறையை எப்பக்கத்தில் கூட்டலாம் என்பதை அவ்வீட்டார், மேசனுடன் முற்றத்தில் நின்று பேசியே தீர்மானித்தனர்.