திரையில் மின்னாத பட்டு

மயில்கழுத்து நிறச் சேலையை மடித்துப் பிடித்தால் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் தெரியும். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகளில் அன்றாடம் காணும் காட்சிதான் இது. கணினியில் முப்பரிமாணக் காட்சி அமைப்பவர்களுக்கோ இது பெரும் சோதனை. சேலையைப் புகைப்படம் எடுத்து உருவத்தின்மேல் போர்த்தினால் நிறமும் புட்டாவும் வந்துவிடும், பட்டு வராது. பார்ப்பதற்குப் பிளாஸ்டிக் விரிப்பாகவே இருக்கும்.

காரணம் இழையில் இருக்கிறது. நீளவாக்கு இழையான பாவு ஒரு நிறம், குறுக்கிழையான ஊடை வேறொரு நிறம். மெல்லிய உருளையான இழை, ஒளியை எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறடிப்பதில்லை. அதனால் பார்க்கும் கோணம் மாறும்போது ஒருமுறை பாவு மேலோங்கும், ஒருமுறை ஊடை. இழையின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி விளக்கின் நிறத்திலேயே இருக்கும். உள்ளே புகுந்து வெளிவரும் ஒளிதான் சாயத்தின் நிறத்தை ஏந்தி வரும். ஜரிகையின் கணக்கே தனி. அது உலோகம் என்பதால் அதன் பளபளப்பிலேயே பொன்னிறம் கலந்திருக்கும். பட்டுக்கும் ஜரிகைக்கும் கணினியில் ஒரே அமைப்பைக் கொடுத்தால் ஜரிகை மஞ்சள் பெயின்ட் ஆகிவிடும்.

இழையிலிருந்தே தொடங்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கவிதா பாலா உள்ளிட்ட ஆய்வுக்குழு 2011இல் துணித்துண்டுகளை நுண் சி.டி. ஸ்கேன் செய்து, உள்ளே இழைகள் கிடக்கும் அமைப்பையே கணினிக்குக் கொடுத்தது. பட்டு சாட்டினும் அதில் உண்டு. 2013இல் இமான் சதேகி, ஹென்ரிக் வான் ஜென்சன் குழுவினர் இன்னும் எளிய வழி கண்டார்கள்: பாவையும் ஊடையையும் தனித்தனி நுண்ணுருளைகளாகக் கொண்டு ஒளியைக் கணக்கிடும் முறை.

காஞ்சிச் சேலைக்கு இதுவும் தொடக்கம்தான். கோர்வை முறையில் உடலும் கரையும் வெவ்வேறு ஊடையால் நெய்யப்பட்டுப் பிணைகின்றன. முந்தானை பெரும்பாலும் இன்னொரு நிறம். ஆக, ஒரே சேலைக்குள் மூன்று துணிகள். ஒவ்வொன்றுக்கும் இழையின் நிறத்தையும் திசையையும் தனியாகச் சொல்ல வேண்டும்.

இந்த விவரம் காஞ்சிபுரத்தில் ஏற்கெனவே இருக்கிறது. புட்டா நெய்ய உதவும் ஜக்கார்டு கருவிக்கு அட்டை குத்துவதற்காக வரையும் கட்டப்படத்தில், எந்தப் புள்ளியில் பாவு மேலே வரும், எங்கே ஊடை மேலே வரும் என்பது கட்டம் கட்டமாகக் குறிக்கப்பட்டிருக்கும். இப்போது பல வடிவமைப்பாளர்கள் அதைக் கணினியிலேயே வரைகிறார்கள். சேலையின் புகைப்படத்துக்குப் பதில் அந்தக் கோப்பையும் நூல்களின் நிறங்களையும் திரைக் கலைஞரிடம் கொடுத்தால், பட்டுக்கான வேலையில் பாதி தறியடியிலேயே முடிந்திருக்கும்.