கையொப்பம் வைத்துவிட்டோம், இனி என்ன செய்வது?

சில காலத்துக்கு முன்னர் பொல்பிட்டியவிலிருந்து ஒரு தாயும் மகளும் எம்மிடம் வந்தார்கள். மண்சரிவில் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்து, மின் நிலையத்துக்குப் போகும் பாதையோரத்தில் ஒரு வாடகை அறையில் இருக்கும் குடும்பம் அது. தாயின் கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் ஆங்கிலத்தில் அச்சடித்த நான்கு தாள்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும் மகளின் கையொப்பம்.

மகளுக்கு வயது 17. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தவள். கைத்தொலைபேசியில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து, கொழும்பிலுள்ள ஒரு மொடலிங் நிறுவனத்துக்குத் தன் படத்தை அனுப்பினாள். "நீங்கள் தெரிவு செய்யப்பட்டுவிட்டீர்கள்" என்று மறுநாளே பதில் வந்தது. புடைவைக்கடை விளம்பரம், தொலைக்காட்சி, பின்னர் டுபாய் என்றெல்லாம் சொன்னார்கள். முதலில் படம் எடுத்து ஆல்பம் செய்ய 85,000 ரூபா கட்டவேண்டும் என்றார்கள். நட்டஈடாகக் கிடைத்த பணத்தில் மிஞ்சியிருந்ததும், தாயின் தோட்டை அடகு வைத்த பணமும் அதற்குப் போயின. ஆறு மாதமாகியும் ஒரு வேலையும் வரவில்லை. விலகிக்கொள்கிறோம் என்றபோது, "மூன்று வருட ஒப்பந்தம். விலகினால் ஐந்து இலட்சம் கட்ட வேண்டும், இல்லையேல் பொலிஸ் வரும்" என்று தொலைபேசியில் மிரட்டினார்கள்.

அந்தத் தாய் எம்மிடம் கேட்டது ஒரே கேள்வி: "பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா?"

இல்லை. இந்தப் பதிலை விளக்குவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். இடம்பெயர்ந்த குடும்பங்களைத் தேடி இவ்வாறானவர்கள் வருவதற்குக் காரணம் உண்டு. கையில் சிறிது நட்டஈட்டுப் பணம் இருக்கும். நிலம் இராது. வளர்ந்த பிள்ளைகளுக்குத் தோட்ட வேலையில் விருப்பம் இராது. விசாரித்துச் சொல்லப் பழைய அயலவரும் அருகில் இருக்க மாட்டார்கள்.

துண்டுச்சீட்டை மறந்துவிடலாமா?

கடன் கட்டாமல் வெளியேற முடியாத ஒப்பந்தம் மலையகத்துக்குப் புதியதல்ல. எமது பாட்டன் பூட்டன் காலத்தில் "துண்டு" என்ற ஒரு சீட்டு இருந்தது. இன்ன தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் அவரை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது. அந்தக் கடன் தீராமல் ஒருவர் தோட்டம் மாற முடியாது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டப்படி, அறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டவரைச் சிறைக்கும் அனுப்பலாம். துண்டு முறை 1921 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது.

இன்றைய மொடலிங் ஒப்பந்தத்தில் ஆல்பச் செலவு, பயிற்சிச் செலவு, விலகினால் தண்டம் என்று எழுதியிருப்பதும் அதே துண்டின் வேறு உருவம்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இன்று ஒப்பந்தத்தை மீறுவது குடியியல் விடயம். அதற்காக எவரையும் பொலிஸ் கைது செய்ய முடியாது. விருப்பமில்லாத ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை செய்விக்க நீதிமன்றமும் கட்டளையிடுவதில்லை. நிறுவனத்துக்கு உண்மையில் நட்டம் ஏற்பட்டிருந்தால் அவர்கள் வழக்குப் போட்டு அதை நிரூபிக்க வேண்டும். தாளில் ஐந்து இலட்சம் என்று எழுதிவிட்டதால் மட்டும் அந்தத் தொகை அப்படியே கிடைத்துவிடாது. நட்டத்துக்குப் பொருந்தாத தண்டத்தைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

முத்திரை ஒட்டிக் கையொப்பம் வைத்தால் மாற்றவே முடியாது என்று எம்மில் பலர் நம்புகின்றனர். முத்திரை என்பது அரசாங்கத்துக்குக் கட்டும் வரி மாத்திரமே. பிழையான ஒப்பந்தத்தை அது சரியாக்கிவிடாது.

ஒப்பந்தம் எப்போது செல்லாது?

எமது நாட்டில் ஒப்பந்தங்களுக்குப் பெரும்பாலும் ரோமன் டச்சுச் சட்டமே அடிப்படை. அதன்படி விலகுவதற்கு நான்கு வழிகள் முக்கியமானவை.

1. வயது. 1989 ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் பராய வயது 18. அதற்குக் குறைந்த பிள்ளை பெற்றோரின் துணையின்றி வைத்த கையொப்பம் பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. பெற்றோரும் ஒப்பமிட்டிருந்தால் விடயம் சற்றுக் கடினம். ஆயினும் அது பிள்ளைக்குப் பெரும் பாதகமானது என்று காட்டி நீதிமன்றத்தில் நீக்கம் கேட்கலாம். பிள்ளை தன் வயதைக் கூட்டிச் சொல்லியிருந்தால் இந்த வாதம் பலவீனப்படும். ஆகவே பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள்.

2. பொய். "வேலை நிச்சயம்" என்று சொல்லிப் பணம் வாங்கியபோது அப்படி ஒரு வேலையே இருக்கவில்லை என்றால், அந்த ஒப்பந்தத்தை நீங்கள் நீக்கலாம். பொய் சொல்லிப் பணம் பறிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் ஏமாற்றுதல் என்ற குற்றமும் ஆகும். அப்போது பொலிசுக்குப் பயப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல, அவர்தான்.

3. பயமுறுத்தல். மிரட்டி வாங்கிய கையொப்பமும் இவ்வாறே நீக்கத்தக்கது.

4. வாக்கு மீறல். தாம் ஒப்புக்கொண்டதை நிறுவனமே செய்யாதபோது, உங்கள் பக்கத்தை மட்டும் நிறைவேற்றும்படி அது கேட்க முடியாது. படம் எடுத்தார்களா, ஆல்பம் தந்தார்களா, எத்தனை வேலைக்கு அனுப்பினார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

வெற்றுத் தாளில் ஒப்பமிட்டிருந்தாலோ, கடன் வாங்கியதாகக் கூறும் வாக்குறுதிப் பத்திரத்தில் ஒப்பமிட்டிருந்தாலோ தாமதிக்க வேண்டாம். அத்தகைய பத்திரத்தை வைத்து விரைவாக வழக்கு நடத்தலாம். உடனே சட்டத்தரணி ஒருவரைக் காணுங்கள்.

செய்ய வேண்டியவை

முதலில், இனி ஒரு சதமும் கொடுக்காதீர்கள். "இன்னும் 20,000 கட்டினால் விடுவிக்கிறோம்" என்பார்கள். கட்டினால் வேறொன்று கேட்பார்கள். புதிய தாள் எதிலும் ஒப்பமிட வேண்டாம்.

இரண்டாவது, எல்லாவற்றையும் சேருங்கள். ஒப்பந்தம், பற்றுச்சீட்டு, வங்கியில் பணம் போட்ட துண்டு, கைத்தொலைபேசியில் வந்த செய்திகள், விளம்பரத்தின் படம் என எதையும் அழிக்க வேண்டாம். கோபத்தில் செய்திகளை அழித்துவிட்டு வருபவர்களே அதிகம். ஒப்பந்தத்தின் பிரதி தரப்படவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். ஆங்கிலமோ சிங்களமோ தெரிந்த நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கடிதம் எழுதுங்கள். தொலைபேசியில் வாதாடிப் பயனில்லை. பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற் கந்தோர் தரும் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இவ்வளவு போதும்:

"இன்ன திகதியில் உங்கள் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தை இக்கடிதத்தின் மூலம் நீக்குகிறேன். காரணம்: ஒப்பமிட்டபோது எனக்கு 18 வயது நிறையவில்லை, வாக்களித்த வேலை எதுவும் தரப்படவில்லை. நான் செலுத்திய 85,000 ரூபாவை 14 நாட்களுக்குள் திருப்பித் தரவும். எனது படங்களை எங்கும் பயன்படுத்த இனி நான் சம்மதிக்கவில்லை. எனது அடையாள ஆவணங்களின் பிரதிகளையும் திருப்பித் தரவும்."

நான்காவது, பதில் இல்லாவிட்டால் முறையிடுங்கள். ஏமாற்றுதலுக்குப் பொலிஸ் நிலையம். பணம் கொடுத்தும் சேவை கிடைக்காததற்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, தொலைபேசி இலக்கம் 1977. சிறிய தொகைப் பிணக்குகளுக்கு 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் மத்தியஸ்த சபை. அங்கு சட்டத்தரணி தேவையில்லை. வழக்குக்கு வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்களை நாடலாம். பொலிசில் உங்கள் முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதியதை வாசித்துக் காட்டாமல் ஒப்பமிட வேண்டாம். ஒரு தடவை அப்படி ஒப்பமிட்டதால்தானே இவ்வளவு தொல்லை!

ஐந்தாவது, நீதிமன்றத்திலிருந்து உண்மையான அழைப்பாணை வந்தால் அதை ஒருபோதும் ஒதுக்கி வைக்க வேண்டாம். குறித்த நாளில் நீங்கள் போகாவிட்டால், உங்கள் பக்கம் கேட்காமலே தீர்ப்பு வரலாம். ஆனால் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் வேறு, அழைப்பாணை வேறு. கோரிக்கைக் கடிதம் வந்தவுடன் நடுங்க வேண்டாம். அதற்கும் எழுத்தில் பதில் கொடுத்தால் போதும்.

எழுத்து ஒப்பந்தம் தொடர்பாக வழக்கிட ஆறு வருடமும், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று வருடமும் காலம் உண்டு. நாள் கடந்துவிட்டதே என்று கைவிட வேண்டாம்.

படத்தை வைத்து மிரட்டினால்

"படத்தை வெளியே விடுவோம்" என்ற மிரட்டலுக்கே குடும்பங்கள் அதிகம் அடங்கிப் போகின்றன. இது ஒப்பந்த விடயமே அல்ல, குற்றம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் ஆபாசப் படம் எடுப்பதும் வைத்திருப்பதும் 1995 ஆம் ஆண்டிலிருந்து தண்டனைக்குரியன. பிள்ளைகள் தொடர்பாக 1929, பெண்கள் தொடர்பாக 1938 ஆகிய இலக்கங்களை அழைக்கலாம். பெற்றோரிடம் ஒன்று கேட்கிறோம்: பிள்ளையை அடிக்காதீர்கள், ஏசாதீர்கள். வீட்டில் பயம் இருந்தால் பிள்ளை மிரட்டுபவனின் சொல்லையே கேட்கும்.

வெளிநாடு என்று சொன்னால் இன்னும் கவனம் தேவை. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். 1989 என்ற இலக்கத்தில் விசாரிக்கலாம். சுற்றுலா விசாவில் "மொடலிங்" என்று அழைத்தால் போக வேண்டாம். கடவுச்சீட்டை எவர் கையிலும் விட வேண்டாம்.

நல்ல நிறுவனம் எப்படி இருக்கும்?

உண்மையான மொடலிங் நிறுவனம் விளம்பரதாரரிடமிருந்து கிடைக்கும் கூலியில் தரகு எடுக்கும். பிள்ளையிடம் முன்பணம் வாங்கிப் பிழைக்காது. பிரித்தானியாவில் மொடல்களிடம் முன்கூட்டியே கட்டணம் அறவிடுவது 2010 ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. 2025 ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த நியூயோர்க் மாநிலச் சட்டம், தரகு நூற்றுக்கு 20 இற்கு மேலும், ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு மேலும் போகக்கூடாது என்கிறது. செல்வந்த நாட்டுப் பிள்ளைகளும் ஏமாந்ததால்தான் இச்சட்டங்கள் வந்தன. ஆகவே ஏமாந்தது எமது அறியாமையால் மட்டும் என்று எவரும் வெட்கப்படத் தேவையில்லை.

பொல்பிட்டியத் தாயின் கதை எப்படி முடிந்தது? கடிதம் போனது. பதில் இல்லை. முறைப்பாடு செய்த பின்னர் நிறுவனத்திலிருந்து ஒருவர் தாமாகவே பேசினார். 40,000 ரூபா திரும்பியது. மிகுதி இன்னும் வரவில்லை. தோடு அடகில்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து இலட்சம் கேட்டு எவரும் வரவில்லை, வழக்கும் இல்லை. மகள் இப்போது ஹற்றனில் தையல் பயிற்சிக்குப் போகிறாள். விளம்பரப் படத்தில் நிற்க வேண்டும் என்ற ஆசை இன்னும் இருக்கிறதாம். இருக்கட்டும், ஆசை குற்றமல்ல. அடுத்த முறை தாளைக் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் ஒப்பமிடுவாளாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாள் பெட்டிக்கு அடியில் கிடந்தால், இன்றே வெளியே எடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லுங்கள்.