வரி அட்டையும் முதியோர் காசோலையும்

மக்களை, உழைத்துப் பிழைக்கும் சாதாரணர் என்றும் அவர்கள் உழைப்பில் சுகம் காணும் மேல்தட்டினர் என்றும் இரு கூறாக்கி, முன்னவரின் உண்மைக் குரல் தான் ஒன்றே என்று உரிமை கொண்டாடும் அரசியலை வெகுமக்கள்வாதம் என்பர். வரிப்பணத்தைக் கொண்டு கல்வி, மருத்துவம், ஓய்வூதியம் ஆகியவற்றை அனைவருக்கும் வழங்கும் நலவாழ்வு அரசுகளில், இப்பேச்சின் பகைவன் பெரும்பாலும் முதலாளி அல்லன். அரசு அலுவலரும் நிபுணரும் பேராசிரியருமே அந்த இடத்தில் நிறுத்தப்படுகின்றனர்.

டென்மார்க்கில் 1970 முதல் வருமான வரி சம்பளத்திலேயே பிடிக்கப்பட, தம் பையில் அரசு கை விடுவதை ஒவ்வொரு தொழிலாளியும் கண்கூடாகக் கண்டார். மறு ஆண்டு ஜனவரியில் தொலைக்காட்சியில் தோன்றிய மோன்ஸ் கிளிஸ்ட்ரூப் என்னும் வரிச் சட்ட வழக்கறிஞர், தாம் வருமான வரியே செலுத்துவதில்லை என்பதற்குச் சான்றாக, பிடிக்க வேண்டிய வரியைக் குறிக்கும் தம் வரி அட்டையைக் காட்டியதோடு நில்லாமல், வரி ஏய்ப்போரை ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் தண்டவாளங்களைத் தகர்த்த போராளிகளுக்கு நிகராக்கினார். பெரும் பணக்காரரான அவர் சாதாரணரின் காவலராக ஏற்கப்பட்டதில் முரண் ஏதுமில்லை. ஏனெனில் பிளவுக்கோடு செல்வத்தின் மீதன்றி, அரசுச் சம்பளத்தின் மீது கிழிக்கப்பட்டிருந்தது. வருமான வரியையும் அதிகாரிகளின் படையையும் ஒழிப்பதாகச் சூளுரைத்த அவரது முன்னேற்றக் கட்சி, 1973 டிசம்பர் தேர்தலில் ஏறத்தாழ 16 விழுக்காடு வாக்குகளுடன் இரண்டாம் இடம் பிடித்தது. கிளிஸ்ட்ரூப் பின்னர் வரி மோசடிக்காகச் சிறை சென்றார்.

வரியை வெறுத்த வாக்காளர், அவ்வரியால் கிடைக்கும் ஓய்வூதியத்தை வெறுக்கவில்லை. இதைத் துல்லியமாக உணர்ந்தவர், அக்கட்சியிலிருந்து பிரிந்து 1995இல் டேனிஷ் மக்கள் கட்சியைத் தொடங்கிய பியா கியெர்ஸ்கோர். முதியோரின் வீடுகளுக்குச் சென்று பணிவிடை செய்யும் உதவியாளராக முன்னர் வேலை பார்த்த அவர், நலத்திட்டங்கள் நம்மவருக்கே உரியவை என்றும், குடியேறிகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட மேல்தட்டினரே அவற்றுக்கு ஆபத்து என்றும் வாதிட்டார். அதாவது, அரசைச் சாடப் பிறந்த பேச்சு, அரசின் கருவூலத்துக்குக் காவல் நிற்கத் தொடங்கியது. 2001 முதல் பத்தாண்டுகள் சிறுபான்மை அரசுகளைத் தாங்கி நின்ற அக்கட்சி, அதற்கு விலையாகக் குடியேற்றக் கட்டுப்பாடுகளையும், வசதி குறைந்த ஓய்வூதியர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் முதியோர் காசோலையையும் பெற்றது. மேல்தட்டினரைச் சாடும் பேச்சும் அக்கட்சிக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. 2002 புத்தாண்டு உரையில் பிரதமர் அனர்ஸ் ஃபோ ராஸ்முசனே நிபுணர்களையும் ரசனைக்குத் தீர்ப்பு எழுதுவோரையும் கண்டித்தார்.

2015இல் 21 விழுக்காடு பெற்ற டேனிஷ் மக்கள் கட்சி, 2019இல் 9 விழுக்காட்டுக்கும் கீழே சரிந்தது. கடுமையான குடியேற்றக் கொள்கையையும், இளமையிலேயே வேலைக்குச் சென்றவர்களுக்கு முன்கூட்டிய ஓய்வு என்ற வாக்குறுதியையும் மெட்டே ஃபிரெடரிக்சனின் சமூக ஜனநாயகக் கட்சி தனதாக்கிக்கொண்டது இதற்கு முக்கியக் காரணம். 2022இல் மக்கள் கட்சி 3 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அது கோரிய கட்டுப்பாடுகளோ சமூக ஜனநாயகரின் ஆட்சியில் நடப்பில் இருந்தன.