அண்ணாமலைத் தீபச் சுடரில் அணுக்களின் வினை

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையுச்சியில் ஏற்றப்படும் மகாதீபம் தொடர்ந்து 11 நாள்கள் எரிகிறது. ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும், நீண்ட காடாத் துணித் திரியும், கற்பூரமும் அதற்குப் பயன்படுகின்றன. நெய் ஆக்சிஜனுடன் சேர்ந்து எரிகிறது என்று இதனைப் பாடநூல் முறையில் ஒரு வரியில் கூறிவிடலாம். அவ்வரியில் பிழையில்லை, ஆயினும் வினை நிகழும் வழியை அது மறைத்துவிடுகிறது.

நெய் நீர்ம நிலையில் எரிவதில்லை. திரியில் ஏறிச் சூடாகும்போது அதன் நீண்ட கொழுப்பு அமிலத் தொடர்கள் சிதைந்து எத்திலீன், மீத்தேன் முதலிய எளிய ஹைட்ரோகார்பன்களாகின்றன. சுடரில் எரிபவை பெரும்பாலும் இவையே.

இவற்றை ஆக்சிஜன் மூலக்கூறு நேரடியாகத் தாக்குவது அரிது. மீத்தேனின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றை முறிக்க மோலுக்கு 439 கிலோஜூல் தேவை. அந்த ஹைட்ரஜனை ஆக்சிஜன் மூலக்கூறு பற்றிக்கொள்வதால் மீள்வது ஏறத்தாழ 205 கிலோஜூல் மட்டுமே. தனித்த ஆக்சிஜன் அணுவுக்கோ இக்கணக்கு வேறு. அது ஹைட்ரஜனைப் பறித்து ஹைட்ராக்சிலாகும்போது ஏறத்தாழ 430 கிலோஜூல் மீள்கிறது. பற்றாக்குறை மிகச் சிறிது. அந்த ஹைட்ராக்சில் மற்றொரு மீத்தேனைத் தாக்கி நீராகும்போது 497 கிலோஜூல் கிடைப்பதால் வினை வெப்பம் உமிழ்வதாகிறது. எத்திலீனிடம் ஆக்சிஜன் அணு பெரும்பாலும் ஹைட்ரஜனைப் பறிப்பதில்லை. இரட்டைப் பிணைப்பிலேயே சேர்ந்து மூலக்கூற்றைப் பிளக்கிறது.

இவ்வணுக்களைத் தருவது ஹைட்ரஜன் அணுவே. அது ஆக்சிஜன் மூலக்கூற்றுடன் மோதி ஓர் ஆக்சிஜன் அணுவையும் ஒரு ஹைட்ராக்சிலையும் உண்டாக்குகிறது. ஒன்று இரண்டாகும் இக்கிளைத்தல் மோலுக்கு ஏறத்தாழ 70 கிலோஜூலை உட்கொள்வது. ஆகவே உயர் வெப்பநிலையில்தான் விரைந்து நிகழும். எளிதில் பதங்கமாகித் தீப்பற்றும் கற்பூரம் தொடக்க வெப்பத்தைத் தருகிறது. மலைக்காற்று சுடரைக் குளிர்விக்கும்போது தளர்வதும் இக்கிளைத்தலே.

சுடரின் உட்பகுதிக்குப் போதிய ஆக்சிஜன் சென்று சேர்வதில்லை. அங்கு எத்திலீன் ஹைட்ரஜனை இழந்து அசெட்டிலீனாகி, வளையங்களாகப் பிணைந்து, புகைக்கரித் துகள்களாகிறது. தொலைவிலிருந்து தெரியும் மஞ்சள் ஒளி இத்துகள்களின் தணலே. சுடரின் விளிம்பை அடைந்ததும் அவற்றுட் பெரும்பகுதியை ஹைட்ராக்சில் எரித்துவிடுகிறது, தப்பியவை கரும்புகையாகின்றன. கொப்பரையில் எஞ்சும் கரியிலிருந்து செய்யப்படும் தீப மை, ஆருத்ரா தரிசனத்தன்று நடராசருக்குச் சாத்தப்பட்டுப் பின் அடியார்களுக்கு வழங்கப்படுகிறது. அதில் திரித்துணியின் கரியும் கலந்திருப்பதால், அதனைச் சுடரில் தோன்றிய புகைக்கரி மட்டுமே எனக் கொள்ளுதல் பொருந்தாது.