படையினரும் தெருச் சிறுவரும்: 'சொம்பி' இசை வீடியோ பற்றிய ஒரு நோக்கு

போர்க் காட்சிகளையும் அன்றாட வாழ்வின் காட்சிகளையும் ஒரு பாடலுக்குள் இணைக்கும் இசை வீடியோக்கள் பெரும்பாலும் ஓர் எளிய சூத்திரத்தையே கையாளுகின்றன: ஒருபுறம் குண்டுவெடிப்பு, மறுபுறம் சிரிக்கும் குழந்தை. இத்தகைய இணைப்பு இரக்கத்தை எழுப்பும். விளக்கம் எதனையும் தராது. அயர்லாந்தின் 'கிரான்பெரிஸ்' இசைக் குழுவினர் 1994 இல் வெளியிட்ட 'சொம்பி' இவ்வகையில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய ஒன்றாகும்.

1993 மார்ச் 20, அங்கு அன்னையர் தினத்துக்கு முதல்நாள். இங்கிலாந்தின் வோரிங்டன் நகரக் கடைத்தெருவில், குப்பைத் தொட்டிகளுள் ஐரிஷ் குடியரசுப் படையினர் மறைத்து வைத்த குண்டுகள் வெடித்தன. 3 வயதும் 12 வயதுமான இரு சிறுவர் பலியாயினர். இதனாற் கொதிப்புற்றே பாடகி டொலோரஸ் ஓ'ரியோர்டன் பாடலை எழுதினார். பாடலோ 1916 ஆம் ஆண்டை, அதாவது டப்ளின் ஈஸ்டர் எழுச்சியைச் சுட்டுகிறது. வன்முறை என்பது தலைமுறை தலைமுறையாகத் தொற்றிவரும் மனநோய் என்பதே அதன் தொனி.

ஆயின், படங்கள் கூறுவது வேறு. இயக்குநர் சாமுவேல் பேயர் பெல்பாஸ்ட் தெருக்களுக்கே சென்று படம்பிடித்தார். துப்பாக்கி ஏந்திய பிரித்தானியப் படையினர் ரோந்து செல்கின்றனர். சுவர்களில் அரசியல் ஓவியங்கள் காணப்படுகின்றன. சிறுவர் சண்டை விளையாடுகின்றனர். இங்கு போரையும் அன்றாடத்தையும் படத்தொகுப்பாளர் ஒட்டவைக்க வேண்டிய தேவையே எழவில்லை. தெருவே அவற்றை இணைத்து வைத்திருக்கிறது. 1969 ஆகஸ்டில் இறக்கப்பட்ட படை அப்போது கால் நூற்றாண்டாக அங்கு நிலைகொண்டிருந்தது. படையினரில்லாத தெருவை அச்சிறுவர் கண்டதில்லை. அவர்களது விளையாட்டின் மூலம் 1916 இன் நினைவா, கண்முன் நடமாடும் அரச படையா? பாடல் எழுப்பாத இவ்வினாவைப் படம் எழுப்பிவிடுகிறது. பாடலாசிரியரின் நோக்கத்தை மீறி யதார்த்தம் பேசும் இடம் இதுவெனலாம்.

பொன்வண்ணம் பூசிய பாடகி, சிலுவை, வெள்ளிவண்ணச் சிறுவர் ஆகியோர் தோன்றும் வண்ணக் காட்சிகள் எமக்கு உவப்பானவையல்ல. வரலாற்றுத் துயரை அவை சமயத் துயராக்கி, காரணங் கேட்கும் மனத்தைத் தாலாட்டிவிடுகின்றன.

படை நடவடிக்கை 2007 இல் முடிவுற்றது. 2023 இல் பிரான்ஸில் நடைபெற்ற றக்பி உலகக் கிண்ணப் போட்டியில் அயர்லாந்து ரசிகர்கள் இப்பாடலை வெற்றிக் கீதமாகப் பாடினர். தேசியவாதிகள் சிலர் அதனை ஆட்சேபித்தனர். மைதானத்தில் ஒலித்தவை சொற்கள் மாத்திரமே. பெல்பாஸ்ட் தெரு அங்கு இருக்கவில்லை.