பெரட்டுக் களமும் புலனக் குழுவும்

நிபோங் தெபால் வட்டாரத்துப் பைராம் தோட்டம் போன்ற இடங்களில் அந்தக் காலத்தில் நோய் பற்றிய எச்சரிக்கை பெரட்டுக் களத்தில்தான் வரும். கிராணி சொல்வார், கங்காணி சத்தம் போடுவார். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அந்த வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. மலாய் படிக்கத் தெரியாத வெளிநாட்டுத் தொழிலாளிக்குப் புலனத்தில் வரும் குரல்பதிவே செய்தித்தாள். பேசுபவர் ஊர்க்காரர் என்றால் அப்படியே நம்புவார். வதந்தியும் அதே குரலில்தான் வந்தது.

வதந்தியை மட்டும் பழி சொல்வது சுலபம். ஆனால் நடந்ததைப் பாருங்கள். பரிசோதனைக்கு வருவோரைப் பிடிக்கமாட்டோம் என்று அரசு மார்ச்சில் சொன்னது. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் வெளிநாட்டவர் நிறைந்த சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் இரண்டும் ஏப்ரல் 7-இல் அடைக்கப்பட்டன. மே 1-ஆம் தேதி, அதே வட்டாரத்தில் குடிநுழைவுத் துறை நூற்றுக்கணக்கானோரைப் பிடித்தது. அந்தப் படங்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவின. அது பொய்ச் செய்தியல்லவே! தலைநகரில் பிடித்தால் தோட்டத்தில் இருப்பவரும் ஒளிவார். சளி, காய்ச்சலை மறைப்பார்.

2021 பிப்ரவரியில், ஆவணமில்லாதவருக்கும் இலவசத் தடுப்பூசி, கைது இல்லை என்று அரசு அறிவித்தது. தமிழில் சொன்னாலும் வங்காளத்தில் சொன்னாலும், முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “போனால் பிடிப்பார்களா?”