ஜவ்வாது மலைக்கு ஒரே பள்ளித் திட்டம் ஏன் வேண்டும்?

ஜவ்வாது மலையில், வைனு பாப்பு வானாய்வகத்தால் அறியப்பட்ட காவலூர், திருப்பத்தூர் மாவட்டத்து ஆலங்காயம் ஒன்றியத்தில் உள்ளது. அதே மலைச்சாலையில் அமைந்த ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. பீஞ்சமந்தை போன்ற ஊர்கள் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஒன்றியத்தில் இருக்கின்றன. 1989 வரை வட ஆற்காடு என்ற ஒரே மாவட்டத்துக்குள் இருந்த இந்த மலை, அவ்வாண்டில் இரண்டாகவும், 2019-ல் வேலூர் பிரிக்கப்பட்டபோது மூன்றாகவும் பங்கிடப்பட்டது. கொள்வினையும் கொடுப்பினையும் மலை முழுவதும் பரவியுள்ள மலையாளி பழங்குடியினரின் பிள்ளைகளுக்கான பள்ளித் திட்டம், இதனால் மூன்று மாவட்டத் தலைநகரங்களில் தனித்தனியாக எழுதப்படுகிறது.

அமெரிக்காவில் பெரும்பாலான பள்ளி மாவட்டங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியமும் சொந்த வரி வருவாயும் கொண்டு பல ஆண்டுகளுக்கான திட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் அத்தகைய தன்னாட்சி அலகு கிடையாது. மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரின் நிர்வாகம் பள்ளிவாரியான விவரங்களைத் தொகுத்து அனுப்ப, அவற்றைக் கொண்டு மாநில அளவில் ஆண்டுப் பணித்திட்டமும் வரவு செலவும் உருவாகி, ஒன்றிய அரசின் ஒப்புதலைப் பெறுகின்றன. மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்கும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான 'சமக்ர சிக்ஷா' இம்முறையில்தான் இயங்குகிறது. ஓராண்டுக்கு மேல் எட்டிப் பார்க்காத இந்த ஏற்பாடு, முதல் வகுப்பில் சேரும் குழந்தை பன்னிரண்டாம் வகுப்பை எந்தப் பள்ளியில் முடிக்கும் என்ற கேள்வியைக் கேட்பதே இல்லை.

மாவட்ட எல்லைகளின் மேல் துறை எல்லைகளும் படிந்துள்ளன. மலையில் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறையிடமும், பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பழங்குடியினர் நலத் துறையிடமும், வேறு சில பள்ளிகள் வனத்துறையிடமும் உள்ளன. ஆசிரியர் நியமனம், மாறுதல், கட்டடப் பராமரிப்பு ஆகியவற்றை ஒவ்வொரு துறையும் தன் வழியில் நடத்துவதால், ஒரு துறைப் பள்ளியில் காலியாகும் பணியிடத்தை அருகிலுள்ள மற்றொரு துறைப் பள்ளியின் ஆசிரியரைக் கொண்டு நிரப்புவது எளிதன்று. பல துறைகளின் பள்ளிகளையும் ஆசிரியர்களின் பணிப்பயன்களுக்குப் பாதிப்பின்றிப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக 2023 மார்ச்சில் வெளியான மாநில நிதிநிலை அறிக்கை அறிவித்தது. பட்டியலினப் பிள்ளைகளுக்கெனத் தொடங்கப்பட்ட பள்ளிகள் தம் தனிக் கவனத்தை இழந்துவிடும் என்று எழுந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. மலையிலும் அந்த அச்சத்தைப் போக்காமல் இணைப்பு பயன் தராது; விடுதிச் சோறும் தங்கும் இடமும் பள்ளியிலிருந்து பிரிந்து வேறொரு துறையின் பொறுப்பாகிவிட்டால், உறைவிடப் பள்ளி என்ற ஏற்பாட்டின் உயிரே போய்விடும்.

கணக்கிடும் அளவுகோல்களும் சமவெளிக்கு உரியவை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு வகுத்த விதிகள் தொடக்கப் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டரும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டரும் எல்லையாகக் கொள்கின்றன. வரைபடத்தில் நேர்கோடாகத் தெரியும் தொலைவு, ஓடையைக் கடந்து மேடேறும் ஒற்றையடிப் பாதையில் வேறொன்றாகிவிடும். மழைக்காலத்தில் பாதையே மூடிக்கொள்வதும் உண்டு. அச்சட்டத்தின் அட்டவணை அறுபது மாணவர் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியரை அனுமதிக்கிறது. ஐந்து வகுப்புகளை இருவர் நடத்தும் அத்தகைய பள்ளியில், ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ அலுவலக வேலைக்கோ சென்றுவிட்டால் அது அன்றைக்கு ஓராசிரியர் பள்ளியாகிவிடுகிறது. நகர வெளிச்சம் எட்டாத தனிமை வானியலாளர்களைக் காவலூருக்கு வரவழைத்தது. அதே தனிமை, ஊரில் தங்க வீடில்லாத ஆசிரியரை ஒவ்வொரு மாலையும் கீழே இறங்க வைக்கிறது. ஆகவே ஆசிரியர் குடியிருப்பு என்பது மலையில் கற்பித்தலின் ஒரு பகுதி. கட்டடத் தலைப்பின் கடைசி வரியில் அதை வைப்பது தவறு.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு 14 வயதோடு, எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மலைப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், படிப்பைவிட்டு நழுவும் இடமும் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு ஊர் போக வேண்டிய அந்தத் திருப்பமே. ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி 2024 பிப்ரவரியில் மாநிலமெங்கும் பேசப்பட்டது. அவர் பள்ளிப் படிப்பைப் பெற்றது ஏலகிரி மலையில் என்பதைத் திட்டமிடுவோர் ஆழ்ந்து எண்ண வேண்டும். பெற்றோர் கர்நாடக, கேரளத் தோட்டங்களுக்குப் பருவ வேலைக்குப் போகும் மாதங்களில் பிள்ளைகள் எங்கே தங்குவார்கள் என்பதும் இதே கேள்வியின் மறுபக்கம். இடம்பெயர்வோர் பிள்ளைகளுக்கான பருவகால விடுதிக்கும், தொலைதூரக் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகளை வழித்துணையோடு அழைத்து வருவதற்கும் சமக்ர சிக்ஷாவில் இடம் உண்டு. ஆனால் 2024-25-இல் ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட உடன்படிக்கை தொடர்பான பிணக்கில் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டபோது, இத்தகைய செலவுகள் ஒரே நிதிவழியை நம்பியிருப்பதன் ஆபத்து வெளிப்பட்டது.

மலை முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ளும் திட்டத்துக்குப் புதிய சட்டம் தேவைப்படவில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, முக்கால் பங்குப் பெற்றோரும் பாதியளவு பெண்களும் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. 22-ஆம் பிரிவு, அக்குழு எழுதும் பள்ளி மேம்பாட்டுத் திட்டமே அரசின் திட்டத்துக்கும் மானியத்துக்கும் அடிப்படை என்கிறது. எந்த ஓடை எந்த மாதத்தில் பெருகும், எந்த வீட்டுப் பெண் எட்டாம் வகுப்போடு நிற்கப்போகிறாள் என்பவற்றை அறிந்தவர்கள் அந்தப் பெற்றோரே. மூன்று மாவட்டங்களின் மலைப்பகுதிக் குழுக்கள் எழுதும் திட்டங்களை ஒரே மேசையில் சேர்த்துப் படிக்க மூன்று ஆட்சியர்களும் முதன்மைக் கல்வி அலுவலர்களும் கூடினால், காவலூர் பக்கத்துப் பெண்ணுக்கு மாவட்ட எல்லைக்கு அப்பால் எந்த விடுதி பக்கம், அங்கே எத்தனை இடம் கூட்ட வேண்டும் என்பதை அடுத்த ஆண்டுப் பணித்திட்டத்திலேயே எழுதிவிடலாம்.